படியெடுத்த வலி

பொறுப்பு அலுவலர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் தங்கபுஷ்பத்திடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐஸ் கட்டி மிதக்கும் ஒரு வாளியைக் காட்டி, முழங்கை வரை கையை விடச் சொன்னார்கள். அவள் எவ்வளவு நேரம் தாங்குகிறாள் என்று மேலாளர் கோபிநாத் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முன்னால் வந்த பதின்மூன்று பேரில் அதிகம் தாங்கியவர் நான்கு நிமிடம் தாங்கியிருந்தார். தங்கபுஷ்பம் பதினோராவது நிமிடத்தில், "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னும் எவ்வளவு நேரம் வைக்கணும்?" என்று கேட்டாள்.

"போதும், எடுத்துடுங்க," என்றார் கோபிநாத். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். "கை மரத்துப் போகலையா?"

"இறால் கம்பெனில ஒம்பது வருசம் தோல் உரிச்சிருக்கேன் சார். காலைல ஐஸ்ல விட்ட கைய சாயங்காலந்தான் எடுப்போம்."

அன்றைக்கே வேலை உறுதியானது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கிடங்கு. வெளிநாடு போகும் சரக்கைப் பெட்டியில் அடைத்து, பலகைத் தட்டுகளில் அடுக்கி, ஏழு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் கண்டெய்னருக்குள் ஏற்றும். தங்கபுஷ்பம் அங்கே மூன்று வருடமாக ஒப்பந்தக் கூலியாகப் பெட்டிகளுக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்துநான்கு. பத்தாம் வகுப்பு வரை படித்தவள்.

வலிப் பகிர்வுச் சட்டம் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் மோதியும் ஏறியும் கை கால் போகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். எச்சரிக்கைப் பலகை, பாதுகாப்பு வாரம், வலது கையை நீட்டி எடுக்கும் உறுதிமொழி என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் அரசு வலியிடமே வந்து சேர்ந்திருந்தது. தொழிலாளி ஒவ்வொருவரும் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிய வேண்டும்; அடிபட்டவர் வலி தீரும் வரை வீட்டிலும் வெளியிலும் அதைக் கழற்றக் கூடாது. பொறுப்பு அலுவலர் இடுப்பில் ஒரு பெல்ட் அணிய வேண்டும். தொழிலாளிக்கு அடிபட்டால், அவர் நரம்பில் ஓடும் வலி அப்படியே அலுவலரின் நரம்பிலும் ஓடும். யாராவது ஒருவர் பெல்ட்டைக் கட்டியிருந்தால்தான் வண்டிகள் கிளம்பும். கழற்றினால் ஏழும் நின்றுவிடும்.

கோபிநாத் இதை விளக்கியபோது தங்கபுஷ்பம் கேட்டாள். "பாதி வலி எனக்கு வந்திரும், அடிபட்டவருக்குப் பாதி கொறஞ்சிரும். அப்படித்தான சார்?"

"முதல்ல அப்படித்தான் யோசிச்சாங்க. இன்ஜினியருங்க முடியாதுன்னுட்டாங்க. வலியைப் பிரிக்க முடியாதாம், படியெடுக்கத்தான் முடியுமாம். அவருக்கும் முழுசு, உங்களுக்கும் முழுசு."

"அப்போ யாருக்குத்தான் சார் கொறையும்?"

கோபிநாத் கொஞ்சம் யோசித்தார். "பொறுப்புன்னு ஒண்ணு வரும்ல. அதுக்குத்தான்."

பொறுப்பு வரத்தான் செய்தது. முதல் வருடம் மேலாளர்களே பெல்ட் கட்டினார்கள். விபத்துகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. வெளிநாடுகளிலிருந்து குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. இரண்டாவது வருடம் எங்கேயோ ஒரு வக்கீல் சட்டத்தை நிதானமாகப் படித்தார். பொறுப்பு அலுவலரை நிறுவனம் நியமிக்க வேண்டும் என்று மட்டுமே அதில் இருந்தது. அவர் மேலாளராக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அதற்குப் பிறகு பெல்ட்டுகள் ஒவ்வொரு இடுப்பாகக் கீழே இறங்கின. மேலாளரிடமிருந்து உதவி மேலாளர், அவரிடமிருந்து சூப்பர்வைசர், அங்கிருந்து வாட்ச்மேன். விபத்துகள் பழையபடி ஏறின. இப்போது பெல்ட் பட்டி கட்டும் பெண்ணிடம் வந்திருந்தது.

தங்கபுஷ்பத்துக்குக் கண்ணாடி அறை கொடுத்தார்கள். ஏசி இருந்தது. பெயர்ப் பலகை இருந்தது. நேற்றுவரை "ஏ, அந்தப் பட்டிய இழு" என்று சொன்ன சூப்பர்வைசர் இன்று "மேடம், கையெழுத்து" என்று காகிதத்தை நீட்டினார். காலை எட்டு மணிக்கு பெல்ட்டைக் கட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கழற்ற வேண்டும். நடுவில் எதுவும் செய்ய வேண்டாம். இதுதான் வேலை.

பதினேழாவது நாள், மேசையில் டீயை வைத்துவிட்டு உட்காரப் போனவள் தரையில் விழுந்தாள். இடது பாதத்தின் மேல் யாரோ அம்மிக்கல்லைப் போட்டதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தாள். பாதம் செருப்புக்குள் நன்றாக இருந்தது. வெளியே கண்டெய்னர் மூலையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அடிபட்டவன் ராயப்பன், பெட்டிகளில் சீட்டைச் சரிபார்க்கிறவன். இசக்கிராஜ் என்ற ஆபரேட்டர் பின்பக்கமாக எடுத்த ஃபோர்க்லிஃப்ட்டின் பின்சக்கரம் அவன் பாதத்தில் ஏறி இறங்கியிருந்தது. மணிக்கு இத்தனை தட்டு ஏற்ற வேண்டும் என்று கணக்கு. திரும்பிப் பார்க்க நேரமில்லை. பின்னால் பார்க்க இருந்த கண்ணாடியும் உடைந்து ஒரு மாதமாகியிருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகும் தங்கபுஷ்பத்தின் பாதம் எரிந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு பெல்ட்டைக் கழற்றியதும் வலி நின்றது. நொண்டுவது நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு பெல்ட்டைக் கட்டியதும் வலி காத்திருந்ததுபோல வந்து ஏறிக்கொண்டது.

அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் வலி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அலமாரியில் சட்டப் புத்தகம் ஒன்று பிரிக்காத உறையோடு கிடந்தது. அதை எடுத்து எழுத்துக் கூட்டாத குறையாகப் படிக்கத் தொடங்கினாள். நான்காவது நாள் ஆறாவது பிரிவுக்கு வந்தாள். எந்த வண்டியையும் எந்த நேரத்திலும் நிறுத்தவும், வேக வரம்பு விதிக்கவும், வேலை முறையை மாற்றவும் பொறுப்பு அலுவலருக்கு முழு அதிகாரம் உண்டு. அதை மீறுவது குற்றம். சட்டத்தை எழுதியவர்கள் மேலாளர்களை மனதில் வைத்து எழுதியிருந்தார்கள். அலுவலரை மாற்றிய வக்கீல் அந்தப் பிரிவைத் தொடவில்லை. பட்டி கட்டுகிறவள் ஆறாவது பிரிவு வரை படிப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டே வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த இசக்கிராஜின் வண்டிக்கு முன்னால் கையைக் காட்டினாள்.

"என்னக்கா?"

"அந்தக் கண்ணாடிய மாத்துத வரைக்கும் இந்த வண்டி ஓடக் கூடாது."

"மேனேஜரு ஏசுவாருக்கா."

"ஏசட்டும். வலி எனக்குத்தான வருது."

அன்று மாலைக்குள் கண்ணாடி வந்தது. ஒரு மாதமாகக் கிடைக்காத கண்ணாடி நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. நடக்கிறவர்களுக்குத் தனியாக மஞ்சள் கோடு. கண்டெய்னர் மூலைகளில், மறுபக்கம் வருவதைக் காட்டும் குவி கண்ணாடி. பின்பக்கம் எடுத்தால் கீழே ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். பார்வையை மறைக்கும் உயரத்துக்குப் பெட்டி அடுக்கக் கூடாது. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். ஆபரேட்டர்கள் முதலில் முனகினார்கள். சைக்கிளில் வந்தால்கூட இதைவிட வேகமாக வரலாம் என்றார்கள். பிறகு பழகிவிட்டது. இசக்கிராஜ் ஒருநாள் அவளிடம், "இப்பல்லாம் வீட்டுக்குப் போனா சாப்பாடு எறங்குதுக்கா," என்றான்.

எட்டு மாதத்தில் ஒரு விரலில்கூட ரத்தம் வரவில்லை.

கோபிநாத்துக்கு இது பெரிய தலைவலியானது. ஒரு நாளைக்கு நாற்பது கண்டெய்னர் போன இடத்தில் இருபத்தெட்டுதான் போனது. தலைமை அலுவலகம் காரணம் கேட்டது. பாதுகாப்பு என்று பதில் எழுத முடியாது, அது ஏற்கெனவே சுவரில் எழுதியிருந்தது. அவர் தங்கபுஷ்பத்தை மாற்றிவிடலாம் என்று சட்டத்தை எடுத்தார். ஒன்பதாவது பிரிவு குறுக்கே நின்றது. ஒரு அலுவலரின் காலத்தில் அடிபட்டவரின் வலி முற்றிலும் தீரும் வரை, அந்த அலுவலரை மாற்றக் கூடாது. மேலாளர்கள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தப்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய பிரிவு அது.

ராயப்பனின் பாதம் சரியாகவில்லை. எலும்பு கோணலாகக் கூடி, ஒரு நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆபரேஷன் செய்தால் தீரும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதற்கான அனுமதிக் கோப்பு எட்டு மாதமாகக் கம்பெனியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் கோபிநாத் அந்தக் கோப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். மூன்றே நாளில் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, பெயர்பெற்ற மருத்துவர், தனி அறை, போய்வர ஏசி கார் எல்லாம் தயார். ஒரு தொழிலாளியின் கால் குணமாக வேண்டும் என்று ஒரு கம்பெனி இவ்வளவு ஆசைப்பட்டதை யாரும் பார்த்ததில்லை.

சங்கதி கிடங்கில் பரவியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இசக்கிராஜும் இன்னும் சிலரும் தங்கபுஷ்பத்தின் அறைக்கு வந்தார்கள். அந்த அறைக்குள் அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள்.

"ராயப்பன் கால் சரியாச்சுன்னா உங்கள எடுத்துருவாவ," என்றான் இசக்கிராஜ். "இன்னொரு ஆளு வருவான். மார்ச் மாசம் லோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மார்ச் முடியுத மட்டும் ஆபரேஷன் வேண்டாம்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. ஒங்க பேச்சக் கேப்பான்."

"நீ சொல்லேன்."

இசக்கிராஜ் தரையைப் பார்த்தான். "நான் எப்படிக்கா சொல்ல முடியும்? அவன் கால்ல ஏத்துனவன் நான்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தங்கபுஷ்பம் ராயப்பன் வீட்டுக்குப் போனாள். கடற்கரையை ஒட்டிய தெருவில் இரண்டு அறை வீடு. ராயப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டியிருந்தான். அவன் மனைவி சகாயமேரி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க வருவீயன்னு இசக்கி போன் பண்ணினான்," என்றான் ராயப்பன்.

"என்ன சொன்னான்?"

"ஆபரேஷனத் தள்ளிப் போடச் சொல்லி நீங்க கேப்பீயன்னு சொன்னான்."

சகாயமேரி இடையில் புகுந்தாள். "எட்டு மாசமா இந்த மனுசன் படுத பாடு எனக்குல்லா தெரியும். கிடங்குல எல்லாரும் நல்லா இருக்கணும்னா இவரு இப்படியே கெடக்கணுமா? நீங்க மேடம். உங்களுக்கு ஏசி ரூம்பு. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ராத்திரி எப்படின்னு எனக்குத் தெரியாது," என்றாள் தங்கபுஷ்பம். "பகல் தெரியும். எட்டு மணிக்கு நான் பெல்ட்டக் கட்டும்போது இவன் கட்டில்லருந்து எந்திரிப்பான். முதல் அடி வச்சதும் சுண்டுவிரல்லருந்து குதிகால் வரைக்கும் கம்பி மாதிரி இழுக்கும். அஞ்சாறு அடி பல்லக் கடிச்சிக்கிட்டு நடப்பான். பத்து மணிக்குக் கொஞ்சம் அடங்கும். மூணு மணிக்கு மேல எரியும். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எங்கயோ இடிச்சிக்கிட்டான்."

"கட்டில் கால்ல," என்றான் ராயப்பன் மெதுவாக.

சகாயமேரி கணவனைப் பார்த்தாள். "இடிச்சியளா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

ராயப்பன் அவளைப் பார்க்காமல் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"சொல்லுங்கக்கா," என்றான் ராயப்பன். "நீங்க சொன்னா மார்ச் முடியுத வரைக்கும் இருந்துக்கிடுதேன். எட்டு மாசம் இருந்தாச்சு, இன்னும் ரெண்டு மாசந்தான."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். சொல்லும்போதே மூன்று மணி எரிச்சல் தொடங்கியது அவன் முகத்தில் தெரிந்தது. பெல்ட் இல்லாமலேயே அது அவள் பாதத்துக்கும் தெரிந்தது.

"நான் வந்தது அதுக்கில்ல," என்றாள் தங்கபுஷ்பம். "கார் அனுப்புதாவல்லா, ஏறிப் போ. அவிய மனசு மாறுததுக்குள்ள செஞ்சிக்கோ. இத எடுத்துச் சொல்லத்தான் வந்தேன்."

"உங்க வேலை போயிரும்லா?"

"போகாது. வேற செக்‌ஷனுக்கு மாத்துவாவ. பேசியாச்சு."

யாரிடமும் அவள் பேசவில்லை. ராயப்பன் நம்பினானோ என்னவோ, தலையாட்டினான். சகாயமேரி காப்பித் தம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆறிப் போச்சு, வேற போடுதேன்," என்று உள்ளே போனாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புண் ஆறும் வலி மூன்று வாரம் இருந்தது. அது வேறு மாதிரி வலி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிற வலி. மார்ச் பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு தங்கபுஷ்பம் பெல்ட்டைக் கட்டினாள். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். எட்டரைக்கு எங்கோ அவன் எழுந்து நடந்துகொண்டிருப்பான் என்று நினைத்தாள். அதற்கும் ஒன்றும் வரவில்லை. அவள் சந்தோஷப்படத்தான் வேண்டும். வீட்டில் கூடவே இருந்த ஒருவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

பதினொரு மணிக்கு விடுவிப்பு உத்தரவு வந்தது. கோபிநாத் அதை நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

"ரொம்ப நல்லாப் பண்ணீங்க, தங்கபுஷ்பம்," என்றார். மேடம் அன்று காலையோடு முடிந்திருந்தது. "பழைய வேலைக்கு இன்னிக்கே போயிடலாம்."

"புது ஆளு வந்தாச்சா சார்?"

"திங்கக்கிழமை வர்றாரு. மெடிக்கல் சர்டிபிகேட் பாக்கி." அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுவரைக்கும் நான்தான். பதவி காலியா இருந்தா இடத்தோட தலைவர் கட்டணும்னு சட்டத்துல இருக்கு. முப்பத்தேழு கண்டெய்னர் நாளைக் காலைல கப்பலுக்குப் போகணும். வண்டியை நிறுத்த முடியாது."

"சார், நாலு நாள்தான. அந்த எட்டு கிலோமீட்டர மட்டும் அப்படியே வச்சிருங்க."

"எட்டு மாசமா ஒண்ணும் நடக்கலயே. நாலு நாள்ல என்ன நடந்துடப் போகுது?" என்றார் கோபிநாத். தான் சொன்னதை அவர் நம்பினார். எட்டு மாதமாக ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவள் கழற்றிய பெல்ட்டை இடுப்பில் சுற்றி, ஒரு கொக்கி தளர்த்தி மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குள் வேக வரம்புப் பலகையை எடுத்துவிட்டார்கள். சைகை காட்ட நின்ற ஏழு பேரையும் சுமக்கப் போகச் சொன்னார்கள். பெட்டிகள் கண்ணை மறைக்கும் உயரத்துக்கு ஏறின. தங்கபுஷ்பம் பழைய இடத்தில் பட்டி கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு, சீட்டு ஒட்டும் பெண் ஒருத்தியின் துப்பட்டாவை உரசிக்கொண்டு ஒரு வண்டி போனது. அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று, சிரிக்கப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. ராயப்பன் வேலை செய்த மூலையில் இப்போது புதிதாக ஒருவன் நின்று சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிகள் வரும் பக்கம் அவன் முதுகு இருந்தது.

தங்கபுஷ்பம் எழுந்துபோய்க் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். கோபிநாத் தொலைபேசியில் இருந்தார். கையைக் காட்டிப் பிறகு வரச் சொன்னார். அவள் அந்த அறையின் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். அதில் இன்னும் அவள் பெயர்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டே முக்காலுக்கு இசக்கிராஜ் ஒரு தட்டை அவள் பக்கத்தில் இறக்க வந்தான். வேகமாகத்தான் வந்தான், இருந்தாலும் வழக்கம்போல ஹாரன் அடித்தான். தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. அடியில் கிடந்த பட்டியைச் சரிசெய்ய நீட்டிய தங்கபுஷ்பத்தின் இடது கை அங்கே இருந்தது. கையை எடுக்க நேரம் இருந்தது. ஐஸில் விட்ட கையை வைத்திருந்ததுபோல அவள் அதை அப்படியே வைத்திருந்தாள்.

தட்டின் முனை ஆள்காட்டி விரலின் நுனியை நசுக்கியது.

அவளிடமிருந்து பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் கண்ணாடி அறையிலிருந்து வந்தது. கோபிநாத் தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு, கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, நாற்காலியோடு சரிந்தார். சூப்பர்வைசர் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரிடம்தான் முதலில் ஓடினார்.

இசக்கிராஜ் தட்டை மேலே தூக்கிவிட்டு, குதித்து வந்தான். "அக்கா, நான் ஹாரன் அடிச்சேன்லா."

"கேட்டுச்சு," என்றாள் அவள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என் வண்டியாக்கா கெடச்சிது ஒங்களுக்கு?" என்றான். வேறு எவன் வண்டியும் தட்டை அவ்வளவு மெதுவாக இறக்காது என்பதுதான் காரணம். அதை அவனிடம் சொல்வது இன்னும் கொடுமை என்று விட்டுவிட்டாள்.

முதலுதவி அறையில் அவள் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கோபிநாத் வந்தார். சட்டை நனைந்திருந்தது. எந்த அடியும் படாத தன் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வேணும்னே பண்ணீங்களா?"

"தட்டு எறங்கிருச்சு சார்."

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் பஞ்சால் விரலைத் தொட்டபோது இருவரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடினார்கள். கொஞ்சம் கழித்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல அவர் கேட்டார். "இப்படித்தான் இருந்துச்சா? எட்டு மாசமா, தினமும்?"

"இல்ல சார். இது விரல் நுனி. அவனுக்குப் பாதம்."

கோபிநாத் எழுந்து வெளியே போனார். அவர் வண்டிகளை நிறுத்தச் சொல்வது கேட்டது. பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னார். சைகை காட்டுகிறவர்கள் எங்கே என்று கத்தினார். அன்று இரவு முப்பத்தேழில் பதினொரு கண்டெய்னர் போகவில்லை. தலைமை அலுவலகம் பேசியபோது, "நீங்க வந்து கட்டிப் பாருங்க சார்," என்று அவர் சொன்னதை டீ கொண்டுபோனவர் கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை புது ஆள் வந்தார். தங்கபுஷ்பத்தின் விரல் வலி தீரும் வரை கோபிநாத்தை மாற்ற முடியாது என்று, ஒன்பதாவது பிரிவின்படி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஐஸ் வாளியில் எட்டு நிமிடம் தாங்கிய ஆள், பாவம்.

கோபிநாத் தினமும் காலையில் பட்டி கட்டும் இடத்துக்கு வந்து, மாத்திரை போட்டாளா என்று விசாரித்தார். விரல் நுனி எலும்பு நொறுங்கியிருந்தது. நசுங்கிய நரம்பு அடங்க மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். தங்கபுஷ்பம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாள். வலியை வளர்க்க அவளுக்கு ஆசை இல்லை. ராயப்பன் வேலைக்குத் திரும்பி வந்த அன்று, அவள் கையைப் பார்த்துவிட்டு, "வேற செக்‌ஷன்னு சொன்னீய," என்று மட்டும் சொன்னான்.

ஒரு பத்திரிகைக்காரர் எப்படியோ சங்கதி கேள்விப்பட்டு எழுதினார். கடைநிலை ஊழியர்களிடம் பெல்ட்டைத் தள்ளிவிடும் காலத்தில், தானே முன்வந்து தன் இடுப்பில் கட்டிக்கொண்ட மேலாளர். படமும் வந்தது. மே தினத்தன்று நகரத்தில் நடந்த விழாவில் கோபிநாத்துக்குப் பாதுகாப்பு விருது கொடுத்தார்கள். விடுமுறை நாள்தான், வண்டி எதுவும் ஓடவில்லை. இருந்தாலும் புகைப்படத்துக்காகச் சட்டைக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். கிடங்கு ஆட்களைப் பஸ்ஸில் அழைத்துப் போய் நடுவரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பத்துக்கு ஒரு பக்கம் ராயப்பன், மறுபக்கம் இசக்கிராஜ்.

கோபிநாத் நன்றாகப் பேசினார். தொழிலாளியின் வலி தன் வலி என்றார். கைதட்டினார்கள். ஆறு வாரத்தில் விரல் நன்றாக அடங்கியிருந்தது. இப்போதெல்லாம் சில நாள் அது இருப்பதே இருவருக்கும் மறந்துவிடும்.

"இன்னிக்கு எங்க கிடங்குல பாதுகாப்பு ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு," என்று அவர் அடுத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "அதனால, வர்ற ஜூன் மாசத்துலேருந்து வேகக் கட்டுப்பாடு மாதிரியான பழைய தடைகள் எதுவும் எங்களுக்குத் தேவைப்படாதுன்னு..."

இசக்கிராஜ் தங்கபுஷ்பத்தைப் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்தபடி, "அக்கா, வேண்டாம்," என்றான்.

தங்கபுஷ்பம் கட்டுப் போட்ட விரலை நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் வைத்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ராயப்பன் தன் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

மேடையில் கோபிநாத் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எட்டு கிலோமீட்டர் வேகமே தொடரும்," என்றார்.